பிரித்து எடுத்த லீவு

என் வீட்டுக்காரர் மேல் எனக்குப் பொறாமை. வேறொருத்தியோடு பழகினார் என்றெல்லாம் இல்லை. அப்படி இருந்தால் ஊரே எனக்காக நாலு வார்த்தை பேசியிருக்கும். எங்கள் மகள் அவர் நெஞ்சில் தூங்கினாள், என் நெஞ்சில் தூங்கவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அதிலும் அந்த ஏற்பாட்டைச் செய்தவளே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட்டு முறைப்படி செய்தேன்.

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். சரக்கு கப்பலேற வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, நூல் என்றைக்கு, சாயம் என்றைக்கு, கட்டிங் என்றைக்கு என்று அட்டவணை போடுவது என் வேலை. எட்டு வருஷமாக எதையும் அப்படித்தான் எண்ணுகிறேன். கல்யாணத்துக்கே அட்டவணை போட்டேன் என்று வேல்குமார் கேலி செய்வார். அவர் ஓவர்லாக் டைலர். பீஸ் ரேட். தைத்தால் காசு, தைக்காவிட்டால் கிடையாது.

அட்டவணையில் அடங்காத ஒன்று, மகள் இருபத்தெட்டாவது வாரத்திலேயே பிறந்துவிட்டதுதான். ஆயிரத்து நாற்பது கிராம். உடம்பெல்லாம் குழாய். கால் பட்டையில் மட்டும் 'சத்யப்பிரியா பேபி' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பேர் வைக்கும் தைரியம் எங்களுக்கு வரவில்லை. அதுவரைக்கும் அவளுக்கு இருந்தது என் பேர்தான். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்ததை மறைப்பானேன்.

நாலாம் நாள் டாக்டர், குறைந்தது இரண்டரை மாதம் இங்கேதான் என்றார். நான் படுக்கையில் இருந்தபடியே கம்பெனியில் லீவுக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸ் லிங்கசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கம்பெனி தர்றது நூத்தி எம்பத்திரண்டு நாளுங்க, மேடம். பிரசவமான அன்னைக்கிருந்தே ஓடீட்டிருக்குது" என்றார்.

"குழந்தை இன்னும் ஊட்டுக்கே வரலீங்களே, அண்ணா."

"அது சட்டத்துக்குத் தெரியாதுங்களே."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மூளை வழக்கம்போல வேலை செய்தது. எழுபது எழுபத்தைந்து நாள் ஆஸ்பத்திரி வராந்தா நாற்காலியிலேயே லீவைக் கரைத்துவிட்டால், அவள் வீட்டுக்கு வந்து நாலு மாதம்கூட ஆவதற்குள் நான் வேலைக்கு ஓட வேண்டும். இங்கே பார்த்துக்கொள்ள நர்ஸ் இருக்கிறாள், மானிட்டர் இருக்கிறது. வீட்டில் யார் இருக்கிறார்கள்? லீவைப் பிரித்து எடுத்தால் என்ன என்று அண்ணனிடமே கேட்டேன்.

"முதல் ஆறு வாரம் உங்களைக் கேட்டுக்குள்ளயே விடக் கூடாதுங்க, அது சட்டம். அதுக்கப்பறம் வந்துட்டு, மிச்சத்தைப் பின்னால எடுக்கறதுக்கு ரூல் ஒண்ணும் இல்லீங்க. முதலாளி மனசு வெச்சா உண்டு."

முதலாளி மனசு வைத்தார். அவர் மனசுக்குக் காரணம் செப்டம்பர் ஷிப்மெண்ட். நாற்பத்து மூன்றாம் நாள் நான் வேலையில் சேர வேண்டும். குழந்தை வீட்டுக்கு வரும் நாளிலிருந்து மிச்சம் நூற்று நாற்பது நாள் சம்பளத்தோடு லீவு. ஒரே ஒரு தடவைக்குத்தான் இந்தச் சலுகை, பிறகு மாற்றிக் கேட்கக் கூடாது என்று கடைசி வரியில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

வேல்குமாரை என்ன செய்வது என்பதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. அப்பன்மாருக்கு எந்தக் கம்பெனியிலும் லீவும் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஆனால் திருப்பூரில் எந்தக் கேட்டைப் பார்த்தாலும் 'டைலர்கள் தேவை' என்று போர்டு தொங்கும். இன்றைக்கு மெஷினை விட்டு எழுந்து போனவன் இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை வந்து உட்கார்ந்துகொள்ளலாம். என் நாற்காலி அப்படியில்லை. நான் எழுந்தால் அடுத்த வாரமே ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள். அதனால் நான் திரும்பி வேலைக்குப் போகும்போது அவர் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் இருப்பது. பில்லுக்கு, ஊத்துக்குளிப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மூன்று சென்ட் சைட்டை விற்பது. எல்லாம் என் அட்டவணை. அவர் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. "நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும், சத்யா" என்றார்.

அந்த ஆறு வாரமும் நான் வராந்தாவில் இருந்தேன். மகளுக்கு நடுவில் ஒரு தொற்று வந்து, போய், திரும்ப வந்தது. கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு விரலை மட்டும் விடுவேன். அவள் பிடித்துக்கொண்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கும். எங்களுக்கு அப்புறம் வந்த குழந்தைகள் எல்லாம் பூத்துவாலையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயின. ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க வயிறு எரியும். அந்தத் தாய்மாரிடம் "நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன்.

நாற்பத்தோராம் நாள் காலையில் டாக்டர் வெளியே வந்து, "குழாயெல்லாம் எடுத்தாச்சு. இனி அம்மா நெஞ்சோட வெச்சுக்கலாம், கங்காரு மாதிரி. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் முடியுமோ அத்தனை" என்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதான். இன்னும் இரண்டே நாள்.

அந்த இரண்டு நாளும் வைத்துக்கொண்டேன். சூடாக, ஒரு கை கனம்கூட இல்லாமல் இருந்தாள். நான் மானிட்டரில் ஓடும் ஆக்சிஜன் அளவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றைந்து. தொண்ணூற்று மூன்று. எண்பத்தெட்டு. பீப் பீப் என்று கத்தியது. சிஸ்டர் ரோஸ்மேரி ஓடி வந்து அவள் கழுத்தை லேசாக நிமிர்த்தி வைத்தார். அவர் தூத்துக்குடிப் பக்கம். பத்து வருஷமாகத் திருப்பூரில் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"எம்மா, ஏன் மூச்ச இழுத்துப் புடிச்சிக்கிட்டு இருக்கிய? பிள்ளைக்கும் அது தெரியும்லா. அந்த மெசினப் பாக்காதிய."

பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? இரண்டு நாளில் நாலு தடவை கத்தியது. மூன்றாம் நாள் நான் வேலைக்குப் போனேன், வேல்குமார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்று மாலை ஏழே காலுக்கு நான் ஓட்டமும் நடையுமாக வந்தபோது, அவர் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நாலு மணி நேரம் தூங்குனா, சத்யா. நானும் தூங்கீட்டேன். சிஸ்டர் வந்துதான் எழுப்புனாங்க."

"மானிட்டர்?"

"கத்துனமாதிரி ஞாபகம் இல்லையே."

"நல்லதுதான்" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. இன்றைக்கு அஞ்சு மணி நேரம் என்பார். நல்லதுதான் என்பேன். இன்றைக்கு முப்பது கிராம் ஏறிட்டா என்பார். நல்லதுதான். நடுவில் அவர் ஒரு வேலை செய்தார். ஆஸ்பத்திரியில் கட்டிவிடும் துணி நழுவுகிறது என்று, பழைய கம்பெனியில் கேட்டு ரிப் துணி வாங்கி, நெஞ்சைச் சுற்றி இழுத்துப் பிடிக்கிற மாதிரி உறை ஒன்று தைத்துக்கொண்டு வந்தார். சிஸ்டருக்கு அது பிடித்துப் போயிற்று. மற்றத் தாய்மாருக்கும் ஆறு தைத்துக் கொடுங்கள் என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த வார்டில் அவர்தான் ராஜா. வாட்ச்மேன் முதல் டாக்டர் வரை "வாங்க, டைலர் அண்ணா" என்றார்கள். நான் அந்த உறையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் தையல் ஓரிடத்தில் கோணலாக ஓடியிருந்தது. "இது எங்க செக்கிங்ல நிக்காது" என்று சொல்லியும் விட்டேன். "ஆமா, கோணலாத்தான் போயிருச்சு" என்று சிரித்தார். மனுஷனுக்குக் கோபமாவது வரக் கூடாதா?

என் பங்குக்குப் பால் மட்டும். கம்பெனியில் பிள்ளைகளை விடும் அறையில் உட்கார்ந்து, பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் பீய்ச்சி டப்பாவில் எடுப்பேன். அவர் வண்டியில் ஐஸ் பையோடு கேட்டுக்கு வருவார். எங்கள் கம்பெனியில் ஒரு பட்டன் வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். முதல் நாள் வாட்ச்மேன் பொன்னுச்சாமி பேனாவை வைத்துக்கொண்டு திணறினார்.

"அம்மிணி, சரக்குங்கற இடத்துல என்னன்னு போடறது?"

"தாய்ப்பால்னு போடுங்க."

"திரும்பி வருமா, வராதா?"

"டப்பா திரும்பி வரும். பால் வராது."

அப்படியே எழுதினார். வேல்குமார் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, என் பாலை என் மகளிடம் கொண்டுபோனார். நான் மாடி ஏறி வந்து, ஐரோப்பாவில் பிறக்கப்போகும் யாருடைய பிள்ளைகளுக்கோ பட்டன் நிறம் சரியா என்று பார்த்தேன்.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணிந்துவிட்டேன். கங்காரு நாற்காலியில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி.

"இன்னைக்கு நீங்க ஊட்டுல தூங்குங்க. நாள் பூரா நான் இருக்கறேன்" என்றேன்.

"மத்தியானம் வந்து மாத்தி விடட்டுமா?"

"வேண்டாங்க."

புது உறை ஒன்றை நானே தைக்கச் சொல்லி எடுத்துப் போயிருந்தேன். எங்கள் கம்பெனியின் முதல் தரத் துணி, தையல் நேர்கோடு. ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். அவள் நெளிந்தாள். முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் தேடினாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். பத்தே முக்காலுக்கு மானிட்டர் கத்தியது. பதினொன்றரைக்கு மறுபடியும். அழுது அழுது மூக்கு நுனி சிவந்துவிட்டது.

சிஸ்டர் ரோஸ்மேரி வந்து நின்றார். "அண்ணாச்சிக்குப் போன் போடுதியளா? அவிய வந்தா பிள்ள அடங்கிரும்."

ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் லைன் வீட்டுக்கு வண்டியில் பத்து நிமிஷம். எனக்கு என்ன பேய் பிடித்ததோ தெரியவில்லை.

"அவர் ஊர்ல இல்லீங்க, சிஸ்டர். ஊத்துக்குளி போயிருக்காரு. சைட் விக்கற விஷயமா."

"அப்படியா? அப்பம் பெட்டியிலயே வெச்சிருவோம். பிள்ள களைச்சிட்டு."

என் மார்பிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். நான் அந்த நாற்காலியிலேயே மாலை வரை வெறும் நெஞ்சோடு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை எடை பார்த்தபோது பத்து கிராம் குறைந்திருந்தது. "ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். அதுக்கும் நெஞ்சில வெச்சிக்கிறதுக்கும் சம்பந்தம் கிடையாது" என்று டாக்டர் சொன்னாராம். சம்பந்தம் எனக்குத் தெரியும். என் வீம்புக்கு அந்தப் பிஞ்சைப் பட்டினி போட்டமாதிரி இருந்தது. ஒன்பது மணிக்கு வேலையில் உட்கார்ந்து வேறு யாருடைய அட்டவணையையோ பார்த்துக்கொண்டு, குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து மாலையில் நாங்கள் இருவரும் வராந்தாவில் நிற்கும்போது சிஸ்டர் அந்தப் பக்கம் வந்தார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம ஊத்துக்குளி போயிருந்தியளாமே. எடம் முடிஞ்சிதா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"ஆமாங்க, சிஸ்டர். கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதானுங்க" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. புஷ்பா தியேட்டர் சிக்னலில் நின்றபோது, "சட்னிக்குத் தேங்காய் இருக்குதா?" என்று கேட்டார். அன்றைக்குத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன், தீர்ந்திருக்கும். நல்லவனாக இருந்து கொல்வது என்று ஒன்று இருக்கிறது. பொறாமையோடு இப்போது வெட்கமும் சேர்ந்துகொண்டது.

எழுபத்து நாலாம் நாள், ஆயிரத்து எண்ணூற்று அறுபது கிராமில், மகள் வீட்டுக்கு வந்தாள். நான் போட்ட அட்டவணைக்கும் நடந்ததற்கும் ஒரு நாள்தான் வித்தியாசம். கம்பெனியில் கடைசி நாள் லிங்கசாமி அண்ணன் லீவுக் கடிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்து, "குறைமாசக் குழந்தைக்கு உடம்பு ஏதாச்சும்னா இன்னொரு மாசமும் சட்டத்துல இருக்குதுங்க. டாக்டர் சர்ட்டிபிகேட் மட்டும் கொண்டு வாங்க" என்றார். கையில் முழுசாக நூற்று நாற்பது நாள், சம்பளத்தோடு. பீய்ச்சிய பால் இல்லை, கேட் பாஸ் இல்லை. திங்கட்கிழமை முதல் அவர் மெஷினுக்குத் திரும்புவார். இனி அவள் எனக்கு மட்டும்தான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். புருஷனை ஜெயித்தேன் என்று நினைக்க ஒரு பெண்ணுக்கு வெட்கமாக இருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு இல்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவர் குளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். குழந்தையைப் பார்த்தார். தொடவில்லை. தொட்டால் போக முடியாது என்று இருந்திருக்கலாம். "வரட்டுமா, கண்ணு" என்று அவளிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

எட்டரைக்கு அவள் அழ ஆரம்பித்தாள். பால் கொடுத்தேன், இரண்டு வாய் குடித்துவிட்டு அழுதாள். துணி மாற்றினேன். உறையைக் கட்டி நெஞ்சில் போட்டேன். என் உறையையும் போட்டேன், அவர் தைத்த கோணல் உறையையும் போட்டேன். இரண்டையும் முந்தின நாள்தான் வெந்நீரில் அலசிக் காயவைத்திருந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு வாரம் கூட இருக்க வந்திருந்த என் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். இங்கே மானிட்டர் இல்லை, அதனால் நானே மானிட்டராகி அவள் உதட்டு நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரை. அவருக்குப் போன் போட்டால் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார். முதல் நாளே ஷிப்ட் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை, வந்து, கையில் வாங்கி, அவள் அடங்கிவிட்டால்? நூற்று நாற்பது நாளில் முதல் நாளே தோற்பதா?

போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். குளியலறைப் பக்கம் பக்கெட்டில் அவர் காலையில் கழற்றிப் போட்ட பனியன் கிடந்தது. ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல் வேர்த்துக் கொட்டிய பனியன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் நைட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டேன். தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. அவளை நெஞ்சில் சாய்த்தேன்.

மூக்கை வைத்து இரண்டு தடவை தேய்த்தாள். விக்கினாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, கையைப் பனியனில் பதித்துத் தூங்கிவிட்டாள்.

நான் அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. என் சக்களத்தியின் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. ஆனால் அவள் தூங்கினாள், நானும் முதல் தடவையாக மூச்சை முழுசாக விட்டேன்.

பதினோரு மணி டீ நேரத்தில் அவர் கூப்பிட்டார். பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம்.

"அழுதாளா?"

"இல்லீங்க. அழவே இல்லை. நல்லாத் தூங்கறா."



"அப்படியா. நல்லதுதான்" என்றார்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஒரு மாதமாக வராந்தாவில் நின்றுகொண்டு தினமும் நான் சொன்ன அதே நல்லதுதான். சொல்லும்போது எதை மறைப்போம் என்பதும் எனக்குத் தெரியும். அவர் எதையோ சமாளிக்க, "சரி, பழகிட்டா. டீ ஆறுது, வெக்கட்டுமா?" என்றார்.

"வெச்சராதீங்க" என்றேன். "அழுதாளுங்க. ஒரு மணி நேரம் அழுதா. நான் என்ன பண்ணியும் நிறுத்தலை. நீங்க பக்கெட்டுல போட்ட பனியனை எடுத்து நான் போட்டுட்டிருக்கறேன். அதுக்கப்பறந்தான் தூங்குனா."

"எது, காலைல போட்டதா? துவைக்காததா?"

"ஆமா. நாறுது."

அவர் சிரித்தார். "கேக்கறதுக்கு எனக்கு நல்லாத்தான் இருக்குது, சத்யா. கோவிச்சுக்காத" என்றார்.

"ஏனுங்க, அந்த ஞாயித்துக்கிழமை..."

"டீ டைம் முடிஞ்சுது. அதையெல்லாம் இப்ப எதுக்கு?"

"சரி. ஒண்ணே ஒண்ணு. இன்னைக்குப் போட்டிருக்கறதை அப்படியே கழட்டிக் குடுங்க, பக்கெட்டுல போட்டராதீங்க. நாளைக்கும் வேணும்."

சொல்லும்போது வயிறு எரியத்தான் செய்தது. இருந்தாலும் சொன்னேன்.